கடும் மனநோயும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையும்: சட்டம், மதிப்பீடு, தலித் குடும்பங்களின் நிலை

விபத்தில் காலை இழந்த ஒருவர் சான்றிதழ் கேட்டு மருத்துவக் குழுவின் முன் வரும்போது, அவரது இழப்பை எவரும் மறுக்க இயலாது. மனச்சிதைவு நோயால் பத்து ஆண்டுகளாக வீட்டை விட்டு வெளியே வராத ஒருவர் அதே குழுவின் முன் அமரும்போது நிலைமை வேறு. அன்று அவர் அமைதியாக இருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லலாம். அவரது இழப்பை நிறுவுபவை உடன் வந்தவரின் வாய்மொழியும் கையில் உள்ள மருத்துவக் காகிதங்களும் மட்டுமே. இவை இரண்டும் யாரிடம் குறைவாக இருக்கின்றனவோ, அவர்களே உதவித்தொகையிலிருந்து முதலில் விலக்கப்படுகின்றனர்.

நாள்கூலியை விட்டு மருத்துவமனைக்கு அலைய இயலாத, ஒழுகும் கூரையின் கீழ் காகிதங்களைக் காப்பாற்ற இயலாத தலித் குடும்பங்களே அவ்வரிசையின் முன்னால் நிற்கின்றன. கடும் மனநோய்க்கான அரசு உதவியைச் சட்டம் எவ்வாறு வரையறுக்கிறது, தமிழ்நாட்டில் அதைப் பெறும் வழி என்ன, அவ்வழியில் எங்கே தடை ஏற்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. இவ்வுதவியைத் தீர்மானிப்பது நோயின் பெயரன்று. அந்நோயால் ஒருவர் இழந்த செயல்திறன் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதே. இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே மனநோயை ஊனங்களுள் ஒன்றாக ஏற்றிருந்தது. ஆயினும் அரசுப் பணியில் அது வழங்கிய 3 விழுக்காடு இடஒதுக்கீடு பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றில் பாதிப்புள்ளோருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. அது ஊனங்களின் பட்டியலை 21ஆக விரித்ததோடு மனநோய்க்கும் தெளிவான வரையறை தந்தது. சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவாற்றல் போன்றவற்றில் ஏற்படும் பெரும் கோளாறு, ஒருவரின் முடிவெடுக்கும் திறனையோ அன்றாட வாழ்வின் தேவைகளை நிறைவேற்றும் திறனையோ கடுமையாகப் பாதிக்குமானால் அது மனநோய். அறிவுசார் குறைபாடு இதில் அடங்காது, அது தனிப்பிரிவு.

இவ்வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. விண்ணப்பத்தில் பிரிவு தவறாகக் குறிக்கப்பட்டால், செயல்திறன் மதிப்பீட்டுக்குப் பதிலாக நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்பப்படும் நிலை ஏற்படும். மனச்சிதைவு நோய் உள்ள பட்டதாரி ஒருவர் அச்சோதனையில் எளிதில் தேறிவிடுவார், உதவித்தொகை கைநழுவும். இதைப் போலவே, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. அதன் கீழான காப்பீடும் பாதுகாவலர் நியமனமும் மனநோய்க்குப் பொருந்தா.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளோர் ‘அளவுகோல் ஊனம்’ உடையோர் ஆவர். அவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடங்களும் அரசுப் பணியில் 4 விழுக்காடு இடங்களும் ஒதுக்கப்பட வேண்டும். பணியிடங்களில் 1 விழுக்காடு, மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலிய பிரிவினருக்குச் சேர்த்து உரியது. வேளாண் நிலம், வீடு ஆகியவற்றை அரசு ஒதுக்கும்போதும் 5 விழுக்காடு, பெண்களுக்கு முன்னுரிமையுடன், இவர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 37. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு இப்பிரிவு பெரிதும் பயன்படக்கூடியது.

சமூகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பிரிவு 24. வருமான வரம்புக்கு உட்பட்ட ஓய்வூதியம், உயர் ஆதரவு தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கான படி ஆகியவற்றை அது குறிப்பிடுகிறது. பிறருக்கான அதே வகைத் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

எண்ணிக்கையில் இடம்பெறாதவர்கள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினர். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாத பிறரிடையே 2.18 விழுக்காடு. வறுமை, ஆபத்தான வேலை, சத்துக்குறைவு, எட்டாத மருத்துவம் ஆகியவை சாதியோடு இணைந்து உடலில் பதியும் இடம் இது.

அதே கணக்கெடுப்பு மனநோய் உள்ளோராகப் பதிவு செய்தது ஏறக்குறைய 7.2 லட்சம் பேரை மட்டுமே. தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வோ, வயது வந்தோரில் 0.8 விழுக்காட்டினர் கடும் மனநோயுடன் வாழ்வதாகக் கணித்தது. அக்கணிப்போடு ஒப்பிட்டால் 7.2 லட்சம் மிகச் சிறிய எண். கடும் மனநோய் உள்ளோரில் 73.6 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. சிகிச்சை இல்லாதவரிடம் சிகிச்சைக் காகிதமும் இராது; காகிதம் இல்லாதவர் உதவித்தொகைப் பட்டியலிலும் இரார்.

அருகில் மருத்துவம் இல்லாத குடும்பங்கள் ஏர்வாடிக்கும் குணசீலத்துக்கும் நோயாளிகளை அழைத்துச் செல்வதை அறியாமை என்று மட்டும் கூறிவிட இயலாது. தங்க இடமும் உணவும் கிடைக்கும் இடத்தை ஏழைகள் நாடுகின்றனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி உயிரிழந்தனர். மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, வெளிப்படையாகத் தடை செய்கிறது.

நாற்பது விழுக்காடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது

இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு வகுத்த அளவுகோல் ஒன்று இதற்குப் பயன்படுகிறது. சுருக்கமாக அதை ‘ஐடியாஸ்’ என்பர். நான்கு துறைகளில் ஒருவரின் செயல்திறனை அது அளக்கிறது. முதலாவது தன்னைப் பேணுதல்: குளித்தல், உண்ணுதல், உடுத்துதல், உடல்நலம் காத்தல். இரண்டாவது பிறருடனான உறவு. மூன்றாவது பேசுதலும் புரிந்துகொள்ளுதலும். நான்காவது வேலை. ஒவ்வொன்றுக்கும் பாதிப்பு இல்லையெனில் 0, முழுமையான பாதிப்பு எனில் 4 என மதிப்பெண் இடப்படும். இதனுடன் நோயின் கால அளவுக்கென 1 முதல் 4 வரை கூட்டப்படும். மொத்தம் 20. இம்மதிப்பெண்ணே விழுக்காடாக மாற்றப்படுகிறது.

மருந்துச் சீட்டில் நோயின் பெயர் மட்டும் இருந்தால், இந்நான்கு துறைகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்துச் சேரி ஒன்றில் வாழும் முப்பது வயதுப் பெண், நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்றுகொண்டிருந்தவர், ஆறு ஆண்டுகளாகக் காதில் குரல்கள் கேட்டு முடங்கியிருக்கிறார். “பொண்ணு குளிக்கிறாங்களாம்மா?” என மருத்துவர் கேட்கிறார். “குளிப்பா சார்” என்கிறார் தாய். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று முறை அழைத்து, கையைப் பிடித்துக் கூட்டிச் சென்று, தானே தண்ணீர் ஊற்றினால்தான் மகள் குளிப்பாள் என்பதைக் கேள்வி அவரிடமிருந்து பெறவில்லை. பிறர் முன் மகளின் மானத்தைக் காக்கவும் அத்தாய் விரும்புகிறார். அந்த ஒரு சொல்லில் மூன்று மதிப்பெண் கரைந்துபோகலாம்.

‘வேலை’ என்னும் துறையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊதியம் பெறும் வேலை, வீட்டுவேலை, படிப்பு ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அங்குக் கணக்கில் கொள்வர். தலித் பெண் வீட்டுவேலையும் செய்பவர். வயலில் கூலிவேலையும் செய்பவர். அவரை ‘இல்லத்தரசி’ என்று பதிந்துவிட்டால், எப்போதாவது அடுப்பு மூட்டுகிறார் என்பதற்காகப் பாதிப்பு குறைவாகத் தோன்றும். இழந்த கூலி கணக்கில் வராமலே போகும். நோய்க்கு முன் அவர் என்ன வேலை செய்தார், எந்த ஆண்டில் நிறுத்தினார் என்பதை உடன் செல்பவர் முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, தொடர்சிகிச்சைப் பதிவு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஓ.பி. சீட்டை வாங்கிப் பாதுகாக்க வேண்டும். பழைய பதிவுகள் தொலைந்திருந்தால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 25 மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை அளிக்கிறது. எழுத்து மூலம் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு, அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மனநல நிறுவனங்களில் சிகிச்சை கட்டணமற்றது என்பது பிரிவு 18 தரும் உறுதி. சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண்ணை அழைக்கலாம்.

இரண்டாவது, வீட்டுக் குறிப்பேடு. நோய் எந்த ஆண்டு தொடங்கியது, எந்த மாதங்களில் கடுமையானது, எத்தனை நாள் உண்ணவில்லை, எப்போது வீட்டை விட்டுக் காணாமல் போனார், யார் தேடிக் கொண்டுவந்தார், எந்த வேலையைத் தொடங்கி எத்தனை நாளில் நிறுத்தினார் என்பவற்றை நாள் குறித்து எழுதி வைக்க வேண்டும். மிகைப்படுத்தல் கூடாது, அது பின்னர் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். ‘சில நேரம் சரியாக இருப்பார்’ என்று பொதுவாகச் சொல்லாமல், மாதத்தில் எத்தனை நாள் சரியாக இருந்தார் என்று சொல்வதே போதும்.

மூன்றாவது, விண்ணப்பம். 2021 ஜூன் 1 முதல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்கள் ஒன்றிய அரசின் இணையதளத்தின் வழியாகவே வழங்கப்படுகின்றன. ‘யு.டி.ஐ.டி. கார்டு’ என அலுவலகங்களில் அழைக்கப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கும் அதுவே வழி. தானே விண்ணப்பிக்க இயலாதவருக்காக அவரது பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம். வாழும் மாவட்டத்திலோ, சிகிச்சை பெறும் மருத்துவமனையிலோ விண்ணப்பிக்க விதிகள் இடமளிக்கின்றன. சான்றிதழ் வழங்குவதற்கான கால வரம்பு முன்னர் ஒரு மாதமாக இருந்தது. 2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு மூன்று மாதமாக நீட்டிக்கப்பட்டது. அத்திருத்தத்தின்படி 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழ் வரை மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம் என அட்டையின் நிறம் அமையும். நிலை மாறக்கூடும் என மருத்துவர் கருதினால் தற்காலிகச் சான்றிதழே கிடைக்கும். அதன் காலாவதி நாளைக் குறித்து வைத்து, முன்கூட்டியே மறுமதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். தவறினால் தொகை நின்றுபோகும்.

தொகையும் அதைப் பெறும் வழியும்

சான்றிதழ் கிடைத்ததும் தொகை தானாக வந்துவிடாது. ஓய்வூதியத்துக்குத் தனி விண்ணப்பம் தேவை. தமிழ்நாட்டில் இது வருவாய்த்துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தபின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணை நடைபெறும். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை வழங்குவார். 18 வயது நிறைவு, 40 விழுக்காட்டுப் பாதிப்பு, வறிய நிலை ஆகியவை முதன்மைத் தகுதிகள்.

இத்தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் முதியோர், கைம்பெண்களுக்கான தொகை 1,200 ரூபாயாயிற்று. 1,200இன் மேல் 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500. சட்டம் விதித்த கீழ் எல்லையில் அரசு நின்றுவிட்டது என்பதே இதன் பொருள். நாளொன்றுக்கு 50 ரூபாய். நோயாளியைக் கவனிக்க வேலையை விட்ட தாயின் கூலி இக்கணக்கில் எங்கும் இல்லை. ஒன்றிய அரசின் நிலை இதனினும் மோசம்: இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில், 80 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 18 முதல் 79 வயதினருக்கு அது தரும் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நேரடியாக வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அது மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு, கடும் பாதிப்பு எனக் குறிப்பிட்ட பிரிவினரை முன்வைத்து அது அமைந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் நடப்பு அரசாணையின் நகலைக் கேட்டுப் பெற்று, எத்திட்டம் பொருந்தும் என முடிவு செய்த பின்னரே விண்ணப்பிப்பது நல்லது.

மறுக்கப்பட்டால்

சான்றிதழ் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. வாய்மொழியாக ‘போயிட்டு அடுத்த மாசம் வாங்க’ என்பது மறுப்பாணை ஆகாது. எழுத்து மறுப்பின் மீது பிரிவு 59இன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வூதிய விண்ணப்பம் முடங்கினால் திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு அளித்து ஒப்புகை பெறலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் நிலையைக் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

இலவசச் சட்ட உதவி குறித்துப் பலரும் அறியாத ஒன்று உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் பிரிவு 12, பட்டியல் சாதியினரையும் மாற்றுத்திறனாளிகளையும் தனித்தனியே தகுதியுள்ளோராகக் குறிப்பிடுகிறது. எனவே ஊனச் சான்றிதழ் கைக்கு வருமுன்பே, சாதிச் சான்றிதழைக் கொண்டே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

அலுவலகத்திலோ தெருவிலோ ‘பைத்தியம்’ என்று இழிவுபடுத்தப்பட்டால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 92 பொருந்தும். பொதுப் பார்வையில் மாற்றுத்திறனாளியை அவமதிக்கும் நோக்குடன் இழிவுபடுத்துவதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவ்விழிவு சாதியையும் சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்குமாறு புகாரிலேயே கோர வேண்டும்.

இரண்டையும் தொடக்கத்திலேயே பதிவு செய்வது ஏன் முக்கியம் என்பதை 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பாத்தான் ஜமால் வலி வழக்கின் தீர்ப்பு காட்டுகிறது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு அது. சாதி, பாலினம், ஊனம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னி ஒடுக்குமுறையைக் கூர்மையாக்குகின்றன என்று நீதிமன்றம் விரிவாக ஏற்றது. பாலியல் வன்கொடுமைக்கான தண்டனையை உறுதி செய்தது. எனினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையைச் சான்று போதாது எனக் கூறி நீக்கியது. கொள்கையளவில் ஏற்கப்பட்ட ஒன்றும் பதிவு இல்லாத இடத்தில் பயன் தராமல் போகிறது.

குடும்பங்களின் அச்சங்கள்

சான்றிதழ் வாங்கினால் வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குத் திருமணம் நடக்காது, வாக்குரிமை போய்விடும், சொத்தில் பங்கு கிடைக்காது என்னும் அச்சங்கள் பரவலாக உள்ளன. முதல் அச்சம் சமூகத்தின் பிழையால் வருவது. அதைத் தள்ளிவிடாமல் பொறுமையாகப் பேச வேண்டும். மற்ற இரண்டும் தவறானவை. வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க, உரிய நீதிமன்றம் அவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என அறிவித்திருக்க வேண்டும். ஊனச் சான்றிதழ் அத்தகைய அறிவிப்பன்று. மாற்றுத்திறனாளிகள் பிறருக்கு நிகராகச் சொத்துரிமை உடையவர்கள் என்பதை 2016ஆம் ஆண்டுச் சட்டமே உறுதி செய்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு விழிப்பு தேவை. சாதி மறுத்துக் காதலிக்கும் பெண்ணையோ ஊர்க் கட்டுப்பாட்டை எதிர்ப்பவரையோ ‘மனநிலை சரியில்லாதவர்’ என முத்திரை குத்தி அடைத்து வைக்க எவருக்கும் உரிமையில்லை. சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு இணங்காமை மனநோய்க்கு அடிப்படையாகாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 3. சிகிச்சையில் சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்று பிரிவு 21 சாதியைப் பெயர் சொல்லியே தடுக்கிறது.

கோர வேண்டியவை

இழப்பை நிறுவும் சுமை முழுவதும் இன்று குடும்பத்தின் மீதே உள்ளது. அதை அரசின் கடமையாக மாற்றுவதே இயக்கங்களின் கோரிக்கையாக இருக்க வேண்டும். மதிப்பீட்டு முகாம்கள் மாவட்டத் தலைநகரில் மட்டுமின்றி வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைபெற வேண்டும். மனநல மருத்துவர் வீட்டுச் சூழலைக் கேட்டறிய, கிராமச் செவிலியரின் அறிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். வயலிலும் வீட்டிலும் உழைக்கும் பெண்ணின் இரு வேலைகளும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். பராமரிப்பாளருக்கான படி மனநோய்க்கும் விரிக்கப்பட வேண்டும். சான்றிதழ் பெற்றோர் எத்தனை பேர், அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், மனநோய்ப் பிரிவில் மறுக்கப்பட்டோர் எத்தனை பேர் என மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். வெளியிடாத இடங்களில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இக்கேள்விகளை மாணவர்களே எழுப்பலாம்.

அதுவரை காத்திருக்க இயலாத குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் உள்ளன. கல்லூரி மாணவர் ஒருவர் தம் தெருவில் அத்தகைய ஒரு வீட்டைத் தேர்ந்து, ஒரு குறிப்பேட்டில் ஆறு மாதம் பதிவெழுத உதவி, மதிப்பீட்டு நாளில் அந்தத் தாயுடன் மருத்துவமனைக்குச் சென்று, “குளிப்பா சார்” என்று அவர் சொல்லி நிறுத்தும் இடத்தில் “யார் குளிப்பாட்டுவது என்பதையும் சொல்லுங்கம்மா” என்று எடுத்துக்கொடுத்தால், அக்குடும்பத்தின் விண்ணப்பம் நிலைபெறும் வாய்ப்பு பெருகும்.